எதுக்குத் தெரிஞ்சுக்கணும்? ஆலிஸ் மன்றோவின் மூதாதையர் கதைகள்

குடும்ப வரலாறு எழுதப்போகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் கொஞ்சம் பயம்தான் வரும். பெரும்பாலும் அது புகழ்பாடலாக முடியும். கப்பலேறி வந்தார்கள், காட்டை வெட்டினார்கள், பட்டினி கிடந்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். இந்த நாலு வரிக்குள் எந்த நாட்டுக் குடியேறியையும் அடைத்துவிடலாம். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இந்த வகை எழுத்துக்குப் பஞ்சமே இல்லை. முன்னோடிக் குடும்பங்களின் வேரைத் தேடுவதற்கென்றே அங்கே 1961 முதல் ஒரு வம்சாவளிச் சங்கம் இயங்குகிறது. அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தைச் சேராத ஒரு வாசகனுக்கு அதில் என்ன கிடைக்கும்?

இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் ஆலிஸ் மன்றோவின் ‘தி வியூ ஃப்ரம் காசில் ராக்’ (2006). அது நல்ல பதில் என்பதாலேயே அந்தப் புத்தகத்தோடு எனக்கு ஒரு சண்டையும் இருக்கிறது. இரண்டையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மன்றோவை நம்மில் பலர் 2013 நோபல் பரிசுக்குப் பிறகுதான் தேடிப் படித்தோம். 1931இல் ஒண்டாரியோவின் ஹியூரான் மாவட்டத்தில் விங்கம் என்ற சிற்றூரில் பிறந்தவர். மன்றோ என்பது முதல் கணவர் வழி வந்த பெயர்; பிறந்த வீட்டுப் பெயர் லெய்ட்லா. இந்தப் புத்தகம் லெய்ட்லாக்களைப் பற்றியது. முதல் பாதியில், ஸ்காட்லாந்தின் எட்ரிக் பள்ளத்தாக்கிலிருந்து 1818இல் கப்பலேறிய ஜேம்ஸ் லெய்ட்லாவும் அவருடைய சந்ததியும் வருகிறார்கள். இரண்டாம் பாதியில் மன்றோவின் சொந்த வாழ்க்கையை ஒட்டிய கதைகள். வரலாறாகவும் முழுசாகச் சொல்ல முடியாது, புனைவாகவும் முழுசாகச் சொல்ல முடியாது. அவரே முன்னுரையில் இவற்றைக் கதைகள் என்றுதான் அழைக்கிறார்.

அங்கே வம்சம் தேடுகிறவர்களின் சிரமம் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். ஒண்டாரியோவில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசாங்கம் பதிவு செய்யத் தொடங்கியதே 1869இல்தான். கப்பல் பயணிகளின் பட்டியல்கள் ஒழுங்காகச் சேர்க்கப்பட்டது 1865க்குப் பிறகு. அதற்கு முன்னால் வந்தவர்களைத் தேடினால் தேவாலயப் பதிவேடு, நிலப் பத்திரம், கல்லறைக் கல் இவ்வளவுதான் கையில் கிடைக்கும். பெயர் கிடைக்கும், தேதி கிடைக்கும். ஆள் கிடைக்கமாட்டார்.

லெய்ட்லாக்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் எழுதினார். கிழவர் ஜேம்ஸ் கனடாவிலிருந்து நீள நீளமாகக் கடிதம் போட்டார். அவருடைய மகன் வால்டர் கப்பலில் நாட்குறிப்பு வைத்திருந்தான். அடுத்த தலைமுறையில் ஒருவர், காட்டை வெட்டி வீடு கட்டிய நாட்களை நினைவுக்குறிப்பாக எழுதி வைத்தார். மன்றோவின் அப்பா ராபர்ட் லெய்ட்லா நரி வளர்த்தவர், வார்ப்பாலையில் இரவுக் காவல் பார்த்தவர். கடைசிக் காலத்தில் உட்கார்ந்து ஒண்டாரியோ முன்னோடிக் குடும்பம் ஒன்றைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். 1976இல் அவர் இறந்தார். ‘தி மக்ரெகர்ஸ்’ என்ற அந்த நாவல் 1979இல் வெளிவந்தது. ஆக, எழுத்து மன்றோவிடம் திடீரென்று முளைத்த ஒன்றல்ல. ஆட்டுக்காரர்களும் விவசாயிகளும் கூலிக்காரர்களும் எழுதிக்கொண்டே வந்த ஒரு வரிசையில் அவர் இன்னொருவர். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி இதற்கு வரவேண்டியிருக்கும்.

புத்தகத்தின் முதல் பகுதி எட்ரிக் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறது. தலைப்பே ‘அனுகூலங்கள் ஏதுமில்லை’ என்ற பொருள் தருவது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அந்த வட்டாரத்தைப் பற்றி எழுதப்பட்ட குறிப்பொன்றிலிருந்து எடுத்த சொல். மழையும் மொட்டைக் குன்றும் ஆடுகளும்தான் அங்கே. அங்கே அடக்கமாகியிருக்கும் வில் ஓஃபாப் என்ற மூதாதை ஓட்டத்தில் பேர்போனவர்; தேவதைகளைப் பார்த்தவர் என்றும் கதை உண்டு. அவருடைய மகள் மார்கரெட் லெய்ட்லாவுக்கு நாட்டார் பாடல்கள் மனப்பாடம். வால்டர் ஸ்காட் தன் தொகுப்புக்காகப் பாடல் சேகரித்தபோது அவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு அச்சில் வந்ததைப் பார்த்த அந்தம்மா, பாடுவதற்காக இருந்ததை அச்சடித்துக் கெடுத்துவிட்டீர்கள் என்று ஸ்காட்டின் முகத்துக்கு நேரே சொன்னாராம். இதை நமக்குச் சொல்வது அவருடைய மகன் ஜேம்ஸ் ஹாக். ஆடு மேய்த்து, பிறகு எழுத்தாளரானவர். 1824இல் அவர் எழுதிய ‘ஒரு நியாயப்படுத்தப்பட்ட பாவியின் வாக்குமூலம்’ இன்றைக்கும் பேசப்படுகிற நாவல். அதில் ஒரே சம்பவத்தைப் பதிப்பாசிரியர் ஒருமாதிரியும் பாவி இன்னொருமாதிரியும் சொல்வார்கள். யாரை நம்புவது என்று வாசகன் முழிக்க வேண்டியதுதான். மன்றோவுக்கு இது குடும்பச் சொத்து மாதிரி.

எனக்குப் பிடித்த பகுதி, புத்தகத்துக்குத் தலைப்புத் தந்த இரண்டாவது கதை. ஜேம்ஸ் தன் சின்ன மகன் ஆண்ட்ரூவை எடின்பரோ கோட்டைப் பாறைக்கு மேலே கூட்டிப்போய், கடலுக்கு அந்தப் பக்கம் தெரியும் நிலத்தைக் காட்டி, அதுதான் அமெரிக்கா என்கிறார். உண்மையில் அது ஃபைஃப். எடின்பரோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஸ்காட்லாந்தேதான். இந்தப் பொய்யிலிருந்து ஒரு குடும்பத்தின் கடல் பயணம் தொடங்குகிறது. பல வருஷம் கழித்து லீத் துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்பும்போது வாழ்நாள் முழுக்க அமெரிக்கா அமெரிக்கா என்று பீற்றிய அதே கிழவர் ஊரைப் பிரிவதை நினைத்துப் புலம்ப ஆரம்பிக்கிறார். கப்பலில் யார் காதில் விழுந்தாலும் சரி, எட்ரிக் கதைகள்தான். ஊரில் இருக்கும்போது ஊர் அவருக்குப் பொருட்டாகவே இல்லை. ஊரைவிட்டு வந்தவர்களின் வீட்டில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கிழவரை அடையாளம் தெரியும்.

இந்தக் கதை முடிகிற இடத்தில் மன்றோ ஒரு காரியம் செய்கிறார். அதற்காகவே இந்தப் புத்தகத்தை நான் நண்பர்களுக்குச் சிபாரிசு செய்வேன். ஜேம்ஸ் கனடாவிலிருந்து போட்ட ஒரு கடிதத்தில், உறவுக்காரரான ஹாக்கைப் பற்றி, அந்த ஆள் வாழ்க்கையைப் பொய் சொல்லியே கழித்துவிட்டான் என்கிற தோரணையில் பேசுகிறார். மன்றோ இதைச் சொல்லிவிட்டு, கிழவர் சொன்ன பொய்யர்களில் தானும் ஒருத்தி என்கிறார். வால்டரின் நாட்குறிப்பும் கடிதங்களும் தவிர, பயணத்தைப் பற்றி எழுதியதெல்லாம் தன் கற்பனை. கோட்டைப் பாறை சம்பவம்? அதைச் சொன்னது ஹாக். ஆகவே அது உண்மையாகத்தான் இருக்கவேண்டும் என்று ஒரு குத்தல். பொய்யன் என்று பெயர் வாங்கியவர்தான் சாட்சி!

இது வெறும் சாமர்த்தியம் இல்லை. எங்கே ஆவணம் முடிகிறது, எங்கே தன் கைவேலை தொடங்குகிறது என்று தையலைத் திருப்பிக் காட்டுகிறார். புகழ்பாடும் குடும்பப் புத்தகங்கள் இதைத்தான் செய்வதில்லை. அவற்றில் தாத்தா என்ன நினைத்தார் என்பதுகூட உறுதியாக எழுதப்பட்டிருக்கும். தாத்தாவே சொன்ன மாதிரி. நம்மிடையே தோட்டத்து முன்னோர்களைப் பற்றி எழுத நினைக்கும் இளைஞர்கள் இந்த ஒரு பாடத்தையாவது எடுத்துக்கொள்ளலாம். மலாயாவுக்கு வந்த நம் ஆட்களில் பெரும்பாலோர் கடிதமும் நாட்குறிப்பும் எழுதி வைக்கும் நிலையில் இல்லை. அவர்களைப் பற்றி மற்றவர்கள்தான் எழுதினார்கள். நம் பங்கில் கற்பனை இன்னும் அதிகமாகத்தான் இருக்கும். அப்படியென்றால் தையலைக் காட்டும் நேர்மையும் இன்னும் அதிகமாக வேண்டும், இல்லையா?

அடுத்த கதைகளில் குடும்பம் சிதறுகிறது. ஜேம்ஸின் இன்னொரு மகன் வில்லியம் அமெரிக்காவின் இல்லினாய்க்குப் போய், அங்கே காலராவில் செத்துப்போகிறார். அவருடைய மனைவியையும் சின்னப் பிள்ளைகளையும் ஒண்டாரியோவுக்கு அழைத்து வர ஆண்ட்ரூ மாட்டுவண்டியோடு போகிறார். வில்லியம் அண்ணனா தம்பியா என்பது கதைக்கு முக்கியமில்லை, வழியில் நடப்பதுதான் முக்கியம். அப்பாவைப் புதைத்த இடத்தை விட்டுப் போக மனசில்லாத மூத்த பையன் கைக்குழந்தைத் தங்கையை ஒளித்து வைக்கிறான். எந்தப் பதிவேட்டிலும் இருக்க முடியாத சம்பவம் இது. பிறகு 1850களில் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, ஹியூரான் மாவட்டத்து மோரிஸ் பகுதியில் காடு வெட்டப் போகிறார்கள். அவர்களில் ஒருவர் மரம் சாய்ந்து இறந்துபோகிறார். அதை எழுதி வைத்த உறவினர் அலட்டலே இல்லாமல் சில வரிகளில் சொல்லி முடித்துவிடுகிறார்.

இந்த இடத்தில்தான் புத்தகத்தின் இன்னொரு சரடு தெரிகிறது. எட்ரிக்கில் வாய் ஓயாத ஜனங்கள். பாடுகிறார்கள், குடிக்கிறார்கள், பொய் சொல்கிறார்கள், பத்திரிகைக்குக் கடிதம் போடுகிறார்கள். ஒண்டாரியோவில் இரண்டு தலைமுறைக்குள் அவர்கள் அடங்கிப்போகிறார்கள். தன்னைப் பற்றிப் பேசாதே, தலையை நீட்டாதே, பிறர் பார்வை படும்படி எதையும் செய்யாதே என்பதே வீட்டுச் சட்டமாகிறது. மன்றோவின் அப்பா காலத்தில் அது கூச்சமாகவே உறைந்துவிட்டது. எழுத்து ஒரு பக்கம் தலைமுறை தலைமுறையாக இறங்கியது என்றால், மௌனமும் அதே மாதிரி இன்னொரு பக்கம் இறங்கியது. ரத்தத்தில் வருவது மூக்கும் கண்ணும் மட்டுமா? எதைப் பேசக்கூடாது என்பதும் வருகிறது. மன்றோவின் இந்தக் கண்டுபிடிப்பு பெரியது.

ஆனால் எனக்கு இருக்கும் சண்டையும் அங்கேதான் ஆரம்பம்.

லெய்ட்லாக்கள் குடியேறிய இடம் ஹால்டன் மாவட்டத்து எஸ்குவெசிங். அந்தப் பெயரே மிசிசாகா மக்களின் மொழியிலிருந்து வந்தது. குடும்பம் கியூபெக்கில் இறங்கிய அதே 1818ஆம் ஆண்டு, அக்டோபர் 28ஆம் தேதி, கிரெடிட் ஆற்று மிசிசாகா மக்கள் அஜெட்டன்ஸ் என்ற தலைவரின் தலைமையில் பிரிட்டிஷ் அரசோடு ஒரு ஒப்பந்தம் செய்தார்கள். 648,000 ஏக்கர் கைமாறியது. பதிலுக்கு ஆண்டுக்கு 522 பவுண்டு 10 ஷில்லிங் மதிப்புள்ள பொருள்கள். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு வருஷத்துக்கு ஒரு பென்னியில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. எஸ்குவெசிங் அந்த நிலத்துக்குள் இருக்கிறது. அடுத்த ஆண்டு அதை அளந்து மனையாகப் பிரித்தார்கள். அதாவது இந்தக் குடும்பம் கடலில் இருந்தபோது அவர்களுடைய எதிர்கால நிலம் இன்னொருவருடையது.

‘முன்னோடி’ என்ற சொல் இதை மறைக்கிறது. முன்னால் ஓடியவர் என்றால், அதற்கு முன் அங்கே யாருமே இல்லை என்கிற மாதிரி. மன்றோவின் கதைகளில் ஒன்று ‘வாட் டூ யூ வாண்ட் டு நோ ஃபார்?’ நம் பேச்சில் சொன்னால் ‘எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?’ அதில் கதைசொல்லியும் கணவரும் காரில் கிராமப்புறச் சாலைகளில் சுற்றுகிறார்கள். கையில் நிலவமைப்பு வரைபடங்கள். பனிப்பாறை உருகி விட்டுப்போன மேடு எது, வண்டல் எது என்று படித்துக்கொண்டே போகிறார்கள். வழியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் புல் மூடிய பெரிய மேடு ஒன்றைப் பார்த்து, அது எந்தக் குடும்பத்துடையது என்று தேடிப்போகிறார்கள். இன்னொரு பக்கம் அவளுடைய மார்பில் ஒரு கட்டி. அது என்னவென்று தெரியாத நாட்கள். அருமையான கதை, அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் பாருங்கள், பனியுகம்வரை போகிற கண், ஜெர்மன் குடியேறிகளின் கல்லறைவரை இறங்குகிற கண், நடுவில் இருந்தவர்களிடம் நிற்கவில்லை. 1818 அக்டோபர் இந்தப் புத்தகத்தின் விஷயமாக ஆகவில்லை. தன் வீட்டுப் பொய்களையெல்லாம் அவிழ்த்துக் காட்டியவர், வீடு நிற்கும் மண்ணின் பத்திரத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை.

இதை அவருடைய காலத்தின் பழக்கம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அடுத்ததை அப்படிச் சொல்லி நகர முடியாது.

மன்றோ 2024 மே மாதம் இறந்தார். ஜூலையில் அவருடைய இளைய மகள் டொராண்டோ நாளிதழ் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். தனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது தாயின் இரண்டாவது கணவர் தன்னைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதையும், 1992இல் தாய்க்குக் கடிதம் எழுதி அதைச் சொன்னதையும், தாய் சில மாதம் பிரிந்திருந்துவிட்டு அந்த ஆளிடமே திரும்பிப்போனதையும் எழுதினார். அந்த ஆள் 2005இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்தப் புத்தகம் வந்தது 2006இல். அவர் தொழிலால் புவியியலாளர். வரைபடத்தோடு கிராமச் சாலைகளில் வண்டி ஓட்டுகிற அந்தக் கணவரை இனி எப்படிப் படிப்பது? என்னால் பழையபடி படிக்க முடியவில்லை.

அந்த ஜூலைக்குப் பிறகு இரண்டு விதமான பேச்சு கேட்டது. ‘எழுத்தாளர் வேற, எழுத்து வேற, விடுங்கப்பா’ என்பது ஒன்று. ‘புத்தகத்தைத் தூக்கிப் போடு’ என்பது இன்னொன்று. இரண்டுமே சோம்பேறித்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது. வேறொரு புத்தகமாக இருந்தால் முதல் வாதத்தைக் கொஞ்ச நேரமாவது கேட்பேன். ஒரு எழுத்தாளர் தன் வாழ்க்கையில் நடந்த எல்லாவற்றையும் எழுதவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் இது குடும்பத்தைப் பற்றிய உண்மையைத்தான் விஷயமாக எடுத்துக்கொண்ட புத்தகம். எது ஆவணம், எது புனைவு என்று பிரித்துப் பார்க்க நமக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். அந்தப் பார்வையோடு அவர் வீட்டையும் பார்ப்பது அத்துமீறல் ஆகாது.

இன்னொரு பக்கம், ஒண்டாரியோவின் பரம்பரை மௌனம்தான் காரணம் என்று சொல்லி அவரை விடுவிக்கவும் எனக்கு மனசில்லை. மௌனம் பரம்பரையாக வரலாம். ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் அதைத் தேர்ந்தெடுத்துத்தான் அடுத்தவர் கையில் கொடுக்கிறார். கையில் வந்த கடிதத்துக்கு என்ன பதில் சொல்வது என்பது மன்றோவின் தேர்வு. மூதாதையர் போட்ட கடிதங்களை அவ்வளவு கவனமாகப் படித்தவருக்கு, மகளிடமிருந்து வந்த கடிதத்தை எப்படிப் படிக்கவேண்டும் என்று தெரியாமல் இருந்திருக்காது.

இங்கேதான் நான் முன்னால் சொன்ன வரிசைக்கு வருகிறேன். ஜேம்ஸின் கடிதம், வால்டரின் நாட்குறிப்பு, மோரிஸ் காட்டு நினைவுக்குறிப்பு, அப்பாவின் நாவல், மன்றோவின் கதைகள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் எழுதினார் என்பதுதானே இந்தக் குடும்பத்தின் பெருமை? அப்படியென்றால் அந்த வரிசையில் அடுத்து வருவது 1992இல் மகள் எழுதிய கடிதமும் 2024இல் எழுதிய கட்டுரையும்தான். அவை இந்தக் குடும்ப வரலாற்றுக்கு வெளியே வந்த அபவாதமல்ல, அதன் அடுத்த அத்தியாயம். எட்ரிக் கிழவி ஸ்காட்டின் முகத்துக்கு நேரே சொன்னதைப்போல, எழுதப்பட்டது சரியில்லை என்று வீட்டுக்குள்ளிருந்தே ஒருவர் சொல்லியிருக்கிறார். வம்சாவளியில் இதற்கும் இடம் கொடுக்காவிட்டால் நாம் படிப்பது மறுபடியும் புகழ்பாடல்தான்.

ஆகவே இந்தப் புத்தகத்தைப் படிக்கவேண்டுமா என்று கேட்டால், படியுங்கள் என்றுதான் சொல்வேன். மொழிநடை எளிமையானது, தலைப்புக் கதையிலிருந்து தொடங்கலாம். பிறகு அப்பாவைப் பற்றிய ‘வொர்க்கிங் ஃபார் எ லிவிங்’. அதன்பின் அந்தக் கார் பயணக் கதை. படித்து முடித்ததும் மகளின் கட்டுரையையும் தேடிப் படியுங்கள். அஜெட்டன்ஸ் ஒப்பந்தத்தையும் ஒருமுறை பாருங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒரு முன்னோடிக் குடும்பத்தின் கதை ஓரளவாவது முழுமையாகும்.

ஹால்டனில் லெய்ட்லாக்களின் கல்லறைக் கல்லில் சின்ன ஜேம்ஸ் என்ற குழந்தையின் பெயரும் இருக்கிறது. கப்பலில் வந்து, கியூபெக்கில் இறங்கிய ஒரு மாதத்துக்குள் இறந்துபோன குழந்தை. பெயர் இங்கே இருந்தாலும் உடல் இங்கே இருக்க முடியாது என்பதை மன்றோ கவனித்து எழுதுகிறார். கல்லில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல், யார் இதை எழுதினார்கள், யார் இங்கே இல்லை என்று அவர் கேட்டார். அவருடைய புத்தகத்திடமும் நாம் கேட்கவேண்டியது அதைத்தான்.